பொறி வராத செயின்சா

கேள்வி: மாந்தோப்பில் கிளை வெட்டும் செயின்சாவில் புது பிளக் போட்டும் பொறி வரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றிவிடலாமா?
- வாசகர், ஒடுகத்தூர்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் காயிலிலிருந்து ஆஃப் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, பிளக்கைக் கேப்போடு சிலிண்டரின் உலோகத்தில், பிளக் துளைக்குத் தள்ளியே ஒட்டவைத்து, நிழலில் நின்று கயிற்றை இழுத்துப் பாருங்கள் (வேலூர் வெயிலில் பொறி கண்ணுக்கே தெரியாது, பக்கத்தில் பெட்ரோல் கேன் வேண்டாம்). நீலமாகச் சொடுக்கினால் காயில் நன்றாக இருக்கிறது. வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது, இல்லை சுவிட்ச் கோளாறு. அப்போதும் வரவில்லையா? கேப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஃப்ளைவீலில் (என்ஜினோடு சுழலும் சக்கரம்) இருக்கும் காந்தத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, காயிலுக்கும் அதற்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட்டு இறுக்குங்கள். இதற்கும் மசியாவிட்டால் சரி, காயிலை மாற்றுங்கள்.