கோகோ வரவு இரட்டிப்பானால் கடனும்தானே?

1994 ஜனவரியில் சிஎஃப்ஏ பிராங்கின் (பிரான்ஸின் பழைய ஆப்பிரிக்கக் காலனிகள் பலவற்றின் பொது நாணயம்) மதிப்பைப் பாதியாக்கியது மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டுக்கு முழு லாபம் என்று உங்கள் அட்டவணையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதில் கோகோ ஏற்றுமதி வரவு இருக்கிறது, வெளிநாட்டுக் கடனைக் காணோமே!

அதுவரை ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 சிஎஃப்ஏ. அதன் பிறகு 100. பத்து லட்சம் பிரெஞ்சு பிராங்க் கடன் என்றால் 5 கோடி சிஎஃப்ஏவாக இருந்தது ஒரே இரவில் 10 கோடி. வரிப்பணமோ சிஎஃப்ஏவில்தான் வருகிறது. கோகோ உலக விலைக்கு விற்பதால் வரவும் இரட்டிப்பு, சரி. ஆனால் விவசாயிக்கான விலையை கைஸ்டாப் என்ற அரசின் விலை நிர்ணய அமைப்பு நிர்ணயித்தது; அதை உடனே இரட்டிப்பாக்கவில்லை. மிச்சம் கஜானாவுக்கு. கடன் சுமையைத் தாங்கியதில் அதற்கும் பங்குண்டு.

அப்புறம் சம்பளம். இறக்குமதி அரிசி விலை ஏறியும் அரசு ஊழியர் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. உலகச் சந்தையில் நாட்டின் போட்டித்திறன் கூடியது பெரும்பாலும் அதனால்தான் என்பேன். உங்கள் அட்டவணையில் சம்பளம், விலைவாசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.