காதுக்குப் பின்னால் தடித்த தழும்பு: வாசகி கேள்விக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 57. மூன்று மாதங்களுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் முகச் சுருக்கம் நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வலது காதுக்குப் பின்னால் தோல் கறுத்து, பொருக்குத் தட்டி, ஐந்து வாரம் கழித்துத்தான் ஆறியது. இப்போது அந்த இடம் கயிறு போலத் தடித்து, இரவில் அரிக்கிறது. தோடு போடும் மடல் கீழே இழுபட்டு, தொட்டால் மரத்துக் கிடக்கிறது. எனக்கு இனிப்புநீர் உண்டு. புகைபிடிப்பதில்லை; சாப்பிட்ட பின் வெற்றிலை மட்டும் போடுவேன். பக்கத்து வீட்டார் சொன்னதால் மீன், முட்டையை நிறுத்திவிட்டு, காமாட் என்னும் கடல் அட்டை எண்ணெய் தடவி வருகிறேன். இந்த வயதில் இந்த ஆசை எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்று இங்குள்ள கிளினிக்கிற்குப் போகவில்லை. தழும்பை வெட்டி எடுத்துவிடலாமா? இன்னும் ஐந்து மாதத்தில் மகன் திருமணம். அன்றைக்காவது தோடு போட முடியுமா?
– சுங்கை சிப்புட் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். தழும்பை இப்போது வெட்டி எடுக்க வேண்டாம். தழும்புக்கு மூன்று மாதம் என்பது இன்னும் பச்சைப் பருவம். காயத்தின் வாய் மூடிவிட்டாலும், உள்ளே தோலைக் கட்டி நிறுத்தும் நார்கள் முதலில் அவசர அவசரமாகக் குவிந்து, பிறகு ஓர் ஆண்டு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், மெல்ல மெல்லச் சீராகிக்கொண்டே இருக்கும். முதல் சில மாதங்களில்தான் தழும்பு மிகவும் சிவந்து, தடித்து, அரிக்கும். காயம் இருந்த கோட்டுக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு பெரும்பாலும் காலப்போக்கில் அடங்கும். கோட்டைத் தாண்டி நல்ல தோலிலும் படர்ந்து வளர்ந்தால் அது கீலாய்டு. நம்மைப் போன்ற கருநிறத் தோலுடையவர்களுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு அதிகம். காது அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் மறுபடி வளரும். முன்னிலும் பெரிதாகவும் வரக்கூடும். உங்களுடையது இவற்றில் எது என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவரும் மருத்துவர்தான்.

ஏன் அந்த இடத்தில் மட்டும் இப்படி ஆனது என்று நீங்கள் இரவெல்லாம் யோசித்திருப்பீர்கள். இந்த அறுவை சிகிச்சையில் வெட்டு நெற்றிப்பொட்டுக்கு மேலே முடிக்குள் தொடங்கி, காதின் முன்பக்கமாக இறங்கி, மடலைச் சுற்றி, காதின் பின்மடிப்பில் ஏறி, பின்னந்தலை முடிக்குள் முடியும். கன்னத்துத் தோலையும் கழுத்துத் தோலையும் அடியிலிருந்து பிரித்து, பின்னோக்கி இழுத்து, மிகுந்ததை வெட்டித் தைப்பார்கள். அப்படிப் பிரித்த தோலுக்கு இரத்தம் முகத்தின் நடுப்பக்கத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். காதுக்குப் பின்னுள்ள ஓரம் அதற்கு மிகத் தொலைவில் இருக்கிறது. தோல் மெல்லியதும் அங்கேதான், இழுவிசை மிகுந்ததும் அங்கேதான். இரத்தம் போதாமல் போகும்போது முதலில் கறுப்பது அந்த ஓரம். கறுத்த தோல் உதிர்ந்து அடியிலிருந்து காயம் ஆறி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் திறந்து கிடந்த காயம் தடித்த தழும்பாக முடிவது வழக்கம். பால்மரக் காட்டுப் பக்கம், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சீவும் கத்தி பட்டையோடு நின்றால் புதுப்பட்டை வழவழவென்று வளரும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும். என் அம்மா விடியற்காலையில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் சீவிய மரங்களில் அந்த முண்டுகளை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

இனி வெற்றிலைக்கு வருகிறேன். அதில் புகையிலை சேருமா என்று நீங்கள் எழுதவில்லை. சேருமானால், இத்தனை பெரிய கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். மருத்துவமனைப் பாரத்தில் ‘புகைபிடிப்பீர்களா’ என்று கேட்கிறார்கள். நம் பெண்கள் உண்மையாகவே ‘இல்லை’ என்கிறார்கள். வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றி இருபக்கமும் பேச்சே எழுவதில்லை. நிக்கோட்டின் புகையாக வந்தாலும் சாறாக இறங்கினாலும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் இந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் புகையிலையின் எந்த வடிவமும் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் காயம் ஆறுவது தாமதப்படும், கிருமியும் எளிதில் தொற்றும். எனவே எச்.பி.ஏ.1.சி. என்னும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இதை உங்கள் மேல் பழி சுமத்துவதற்காக எழுதவில்லை; இவை எதுவும் இல்லாதவர்களுக்கும், கைதேர்ந்த மருத்துவர் செய்தபோதும், அந்த ஓரம் கறுத்ததுண்டு.

இன்று இரவிலிருந்தே மீனையும் முட்டையையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். புண் சீழ் பிடிக்கும் என்று பயந்து புரதத்தை நிறுத்துவது, வீடு கட்டும்போது செங்கல்லை நிறுத்துவதற்குச் சமம். இந்த நாட்டில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு மலாய்க்காரக் குடும்பங்கள் ஹாருவான் மீனைத் தேடி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியும்; நாம் விரால் என்போமே, அதுதான். அதில் நல்ல புரதம் இருக்கிறது. மிளகு ரசம் போல வைத்துச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காமாட் எண்ணெயை நிறுத்திவிடுங்கள். தடித்த தழும்பை அது இறக்கிவிடும் என்று நம்ப இடமில்லை. எண்ணெய் பூசிய தோலில் நான் அடுத்துச் சொல்லப்போவது ஒட்டவும் ஒட்டாது.

அது சிலிக்கோன் தகடு. ஃபார்மசியில் மருத்துவச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். புண் முழுவதும் மூடியிருக்க வேண்டும்; ஓர் இடத்தில் ஈரம் கசிந்தாலும் ஒட்டக்கூடாது. காதின் பின்மடிப்புக்கு ஏற்றபடி சுண்டுவிரல் அகலத்தில் கத்தரித்து, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உலரவிட்டு ஒட்டுங்கள். நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். தலைக்கு வைக்கும் எண்ணெய் கழுத்தோரம் இறங்கினாலும், வெயில் நேரத்தில் வியர்த்தாலும் தகடு நழுவும். ஆகவே மாலையில் குளித்த பின் ஒட்டி, மறுநாள் காலை வரை வைத்துக்கொள்வது எளிது. காதின் முன்பக்கக் கோட்டுக்குப் பகலில் சிலிக்கோன் ஜெல்லும், அதன்மேல் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போடுங்கள். நம் தோலில் புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துப் போகும்.

இவற்றுக்கு அடங்காவிட்டால் மருத்துவர் தழும்புக்குள்ளேயே டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியை நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவார். வலிக்கும், ஆனால் அரிப்பு குறையும், தடிப்பும் இறங்கும். சில நாள்களுக்குச் சர்க்கரை ஏறலாம், ஊசி போட்ட இடம் வெளுக்கலாம் என்பதால் உங்கள் இனிப்புநீரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழகு நிலையத்தில் லேசர் போட்டு எடுத்துவிடுகிறோம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மடல் மரத்துப் போனதற்குக் காரணம், கழுத்திலிருந்து காதுக்கு ஏறும் உணர்வு நரம்பு அந்த வழியில் இருப்பதுதான். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பும். அதுவரை முடி உலர்த்தும் மெஷினையும் சுடுநீர் ஒத்தடத்தையும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

கிளினிக்கிற்குப் போகக் கூசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்த காலத்தில், ஓர் அம்மா தலைத்துண்டை அவிழ்க்காமலேயே புண்ணுக்கு மருந்து கேட்டார். வற்புறுத்தி அவிழ்த்தபோது பஞ்சு காய்ந்து முடியோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் ஊற்றி ஊறவைத்து, இழை இழையாக எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் அழுதது வலியால் அல்ல. இத்தனை நாள் தனியாக வைத்திருந்தேனே என்றுதான் சொல்லிச் சொல்லி அழுதார். உங்கள் முகத்துக்கு நீங்கள் ஆசைப்பட்டதில் தவறு ஏதுமில்லை. அதற்கு யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ஊரிலுள்ள அரசாங்க மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட் கட்டிச் சர்க்கரையைப் பாருங்கள், தழும்பைக் காட்டி நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. சிகிச்சை செய்த தனியார் மருத்துவரிடமும் திரும்பிச் சென்று காட்டுங்கள். மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இனி வேறொருவர் கத்தி வைப்பதானால், அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் சீழ், காய்ச்சல், மூடிய இடம் மறுபடி பிளப்பது ஆகிய எது கண்டாலும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

தோடு பற்றி. இழுபட்ட மடலைச் சரிசெய்வதைத் தழும்பு முதிரும் வரை, அதாவது ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை, தள்ளிவைப்பார்கள். ஆகவே திருமணத்துக்குள் அது நடந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். புதிதாக வேறு இடத்தில் காது குத்தவே கூடாது. பழைய துளையைத் தழும்பு தொடவில்லை என்றால், மருத்துவர் பார்த்துச் சரியென்ற பிறகு, சடங்கு நடக்கும் சில மணி நேரத்துக்கு எடையில்லாத சிறு தங்கப் பொட்டுத்தோடு போடலாம். ஜிமிக்கியும் மாட்டலும் வேண்டாம். மல்லிகைச் சரத்தை ஊசி தழும்பில் படாதபடி உச்சிக்கு அருகில் குத்தச் சொல்லுங்கள். திருகாணி அழுத்தினாலும் உங்களுக்கு உணர்வு தெரியாதாகையால், கழற்றியதும் மடலின் பின்பக்கத்தை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவந்திருந்தால் மாலை விருந்துக்குத் தோடில்லாமல் முடியைத் தழைய வாரிக்கொண்டு போங்கள்.