ஆங்கில வரியில் அணியைக் கண்டுபிடிப்பது எப்படி? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஆங்கிலப் பாடம் நடத்துகிறவள் என்பதால் அணிகளைப் பற்றிப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பாதிப் பேர் கேட்டது 'இதற்குப் பெயர் என்ன' என்றுதான். பெயர் அப்புறம் வரட்டும். சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் எடுத்துப் படியுங்கள், எந்தச் சொல்லில் இடிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அந்த இடம் தெரிந்துவிட்டால் பெயர் சொல்வது எளிது.

டீச்சர், 'லைக்', 'ஆஸ்' வந்தாலே சிமிலி என்று எழுதலாமா? அப்படி எழுதி மதிப்பெண் போய்விட்டது.

எழுதக் கூடாதும்மா. 'ஷீ லுக்ஸ் லைக் ஹெர் மதர்' என்றால் மகளுக்கு அம்மா ஜாடை, அவ்வளவுதான். உண்மையாகவே ஒத்திருக்கும் இரண்டு மனிதர்களைச் சொல்லும்போது அணி ஏதும் இல்லை. 'ஹீ ஃபைட்ஸ் லைக் எ லயன்' என்பதில் மனிதனும் சிங்கமும் இனமே வேறு, அதனால் அது உவமை. 'ஆஸ் ஐ வாஸ் லேட், ஐ ரேன்' என்பதில் 'ஆஸ்' வெறும் 'ஆகையால்'.

உவமைதான் என்று தெரிந்த பிறகு, எதில் ஒப்புமை என்றும் கேட்டுப் பார். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கு சொல்கிறார். ஆங்கிலத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. சிங்கம்போல் சண்டையிடுவது வினை. 'ஆஸ் தின் ஆஸ் எ ரேக்' வடிவம், அதாவது மெய். 'ஆஸ் ஒயிட் ஆஸ் ஸ்னோ' நிறம், அதாவது உரு. வறட்சிக்குப் பின் வந்த மழைபோல் உதவி வந்தது என்றால் பயன். விடைத்தாளில் இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுது, புரிந்து எழுதியிருக்கிறாய் என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

மெட்டஃபரை, அதாவது உருவகத்தை, எப்படிப் பிடிப்பது? அடையாளச் சொல் எதுவுமே இல்லையே, மேடம்.

'ஹெர் வாய்ஸ் ஈஸ் வெல்வெட்' மாதிரி 'ஈஸ்' போட்டு வந்தால் யாரும் பிடித்துவிடுவார்கள். வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதுதான் கண்ணில் படாது. 'தி நியூஸ் ட்ரிக்கில்ட் இன்' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ட்ரிக்கில்' என்பது நீர் மெல்லிய கோடாக வழிவது. செய்தி எப்படி வழியும்? இங்கேதான் இடிக்கிறது. செய்தி ஒரேயடியாகக் கொட்டவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்கிறார் எழுதியவர். செய்தியை நீராக உருவகம் செய்தாயிற்று, ஆனால் நீர் என்ற சொல்லே வரியில் இல்லை. ஆகவே ஒவ்வொரு வினைச்சொல்லிடமும், 'உன்னை வழக்கமாகச் செய்கிறவர் யார்?' என்று கேளுங்கள்.

இப்படிக் கேட்கத் தொடங்கினால் அன்றாடப் பேச்சே உருவகமாகத் தெரியும். ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1980-இல் இதைத்தான் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். ஆங்கிலத்தில் நேரத்தை 'ஸ்பெண்ட்' செய்கிறார்கள், 'சேவ்' செய்கிறார்கள், 'வேஸ்ட்' செய்கிறார்கள். நேரம் அங்கே பணம். வாதத்தில் 'அட்டாக்', 'டிஃபெண்ட்', 'ஷாட் டவுன்' எல்லாம் வருவதால் வாதம் போர். நாமும் நேரத்தைச் செலவழிக்கிறோம், மிச்சப்படுத்துகிறோம், வாதத்தில் வெல்கிறோம், தோற்கிறோம். சொல்லும்போது உருவகம் என்ற நினைப்பே வருவதில்லை.

மெட்டானமி, சினெக்டக்கி இரண்டும் எனக்கு எப்போதும் குழப்பம்தான்.

ஆகுபெயர் படித்திருக்கிறீர்களா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. 'ஊரே சிரித்தது' என்றால் சிரித்தவர்கள் ஊரில் இருப்பவர்கள். அது இடவாகுபெயர். 'தி வைட் ஹவுஸ் செட்', அதாவது வெள்ளை மாளிகை சொன்னது என்பதும் அதேதான், கட்டடம் பேசாது. மெட்டானமி என்றால் இப்படித் தொடர்புடைய ஒன்றின் பெயரால் இன்னொன்றைச் சொல்வது. 'தலைக்கு இரண்டு கொடு' என்பது சினையாகுபெயர், உறுப்பைச் சொல்லி ஆளைக் குறிக்கிறோம். 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்பதில் கையைச் சொல்லி மாலுமியைக் குறிக்கிறார்கள். இது சினெக்டக்கி.

சொன்ன பொருள், குறித்த பொருளின் பகுதிதானா என்று பாருங்கள். கை மாலுமியின் உடலில் இருக்கிறது. 'தி கிரவுன்' என்று அரசரைச் சொன்னால், கிரீடத்தைக் கழற்றி வைத்துவிடலாம், அதனால் அது மெட்டானமி. எட்வர்ட் புல்வர்-லிட்டன் 1839-இல் ஒரு நாடகத்தில் எழுதிய 'தி பென் ஈஸ் மைட்டியர் தென் தி ஸ்வோர்ட்' என்ற வரியும் இந்த வகைதான். பேனா எழுத்துக்கு நிற்கிறது, வாள் படைபலத்துக்கு நிற்கிறது. இங்கே ஒப்புமை தேடாதீர்கள், தேடினால் மெட்டஃபர் என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

பர்சானிஃபிகேஷன்தானே நம்முடைய தற்குறிப்பேற்ற அணி?

இல்லை. நிறையப் பேர் அப்படி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். காற்றில் தானாக அசையும் மதுரைக் கோட்டைக் கொடி, கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ பாடுகிறார். இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமே ஒரு காரணம் ஏற்றுகிறார். தற்குறிப்பேற்றத்துக்கு அந்தக் காரணம் வேண்டும். 'தி விண்ட் விஸ்பர்ட்' என்பதில் காரணம் எதுவும் இல்லை, காற்றுக்கு மனிதச் செயல் கிடைத்திருக்கிறது. பர்சானிஃபிகேஷனுக்கு அதுவே போதும்.

ஆங்கிலத்தில் 'பத்தெட்டிக் ஃபாலசி' என்றொரு சொல்லும் உண்டு. 1856-இல் ஜான் ரஸ்கின் உருவாக்கியது. கவிஞர் தம் உணர்ச்சியை இயற்கைமேல் ஏற்றிப் பார்ப்பதை அவர் அப்படி அழைத்தார். அப்புறம், நாய் கோபமாகக் குரைத்தது என்பது பர்சானிஃபிகேஷன் ஆகாது. நாய்க்குக் கோபம் வரும்.

இடியம், அதாவது மரபுத்தொடர், எது, சாதாரண உருவகம் எது?

வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள். 'ஹீ கிக்ட் தி பக்கெட்' என்றால் அவர் இறந்துபோனார். 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்று செயப்பாட்டு வினையாக மாற்றினால் யாரோ வாளியை உதைத்தது மட்டும்தான் மிஞ்சும். ஆனால் 'ஸ்பில் தி பீன்ஸ்' கொஞ்சம் இளகியது. 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் இரகசியம் வெளியானது என்ற பொருள் நிற்கும். உருவகத்தை நீட்டலாம், வேறு சொல் போடலாம். இடியம் பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காது, மொத்தமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

'ஐ லிட்டரலி டைட்' என்கிறார்களே, அது தவறுதானே?

அது ஹைப்பர்போலி, உயர்வு நவிற்சி. சொல்லை அழுத்த, 'நேர்ப்பொருளிலேயே' என்று பொருள்படும் 'லிட்டரலி' போடுகிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1909-லேயே இந்தப் பயன்பாட்டைப் பதிவு செய்திருக்கிறது. பேச்சில் விட்டுவிடுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

அலிட்டரேஷனும் ஒனமடோபியாவும்?

முதலாவது மோனைபோல முதல் ஒலி திரும்ப வருவது. இரண்டாவது 'சலசல' மாதிரி ஒலியைப் போலச் செய்யும் சொல். இரண்டும் காதுக்கு உரியவை, பொருளை மாற்றுவதில்லை.

என் வேலையைப் பார்த்து மேலாளர் 'நாட் பேட்' என்றார். பாராட்டா, குறையா?

எதிர்ச்சொல்லை மறுத்துச் சொல்வதற்கு லைட்டோட்டீஸ் என்று பெயர். 'மோசமில்லை' என்று நாமும் சொல்கிறோமே, அதுதான். குரலும் முகமும் தெரியாமல் எழுத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பெரும்பாலும் பாராட்டாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

'தி சிட்டி நெவர் ஸ்லீப்ஸ்'. பர்சானிஃபிகேஷனா, மெட்டானமியா? வகுப்பில் சண்டையே வந்துவிட்டது, டீச்சர்.

நல்ல சண்டை! நகரத்தை உயிருள்ள ஒருத்தியாகப் பார்த்தால் பர்சானிஃபிகேஷன். நகரம் என்றது அங்கே வாழும் மக்களை என்றால் மெட்டானமி. யாருமே ஒருபோதும் தூங்குவதில்லை என்பது நடக்காத காரியம், ஆகவே ஹைப்பர்போலியும் சேர்ந்திருக்கிறது. அடுத்த வரியைப் படியுங்கள். நகரம் கொட்டாவி விடுகிறது, கண் சிமிட்டுகிறது என்று தொடர்ந்தால் முதல் விடைக்கே பலம் அதிகம். வரி தனியாக வந்தால், காரணம் எழுதியிருக்கும் எந்த விடைக்கும் நான் முழு மதிப்பெண் போடுவேன்.