ஈர மண்ணில் வாடும் பப்பாசி

கேள்வி: யாழ்ப்பாணம் கைதடியில் ஐந்து மாதப் பப்பாசி 40 நிற்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு ஆறு கன்றுகள் மத்தியானத்தில் தலையைத் தொங்கப் போடுகின்றன. அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. தண்ணீர் விட்டேன், யூரியாவும் போட்டேன், பலனில்லை. வைரஸா?

பதில்: முதலில் தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்துங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே கன்று வாடினால் பழுது வேரில்தான். வைரஸ் என்றால் குருத்து இலைகள் திட்டுத் திட்டாக வெளிறிச் சுருங்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் வேரழுகலுக்குத்தான் பொருந்துகிறது.

கன்றைப் பிடுங்க வேண்டாம். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு பக்கம் மட்டும் மண்ணைக் கிளறி, பென்சில் தடிப்புள்ள ஒரு வேரை எடுத்து இரண்டு விரலால் உருவுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் இறுக்கமாக இருக்கும். அழுகிய வேரின் தோல் கபிலமாகி, உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிடும். நடுவில் நூல் போல ஒரு நார்தான் மிஞ்சும். நாற்றமும் அடிக்கும். வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது வேரைத் தாக்கும் வட்டப்புழு, வேறு கதை. அப்புறம் தண்டின் அடியைப் பெருவிரலால் அழுத்துங்கள். நீர் கோத்த மாதிரிப் பள்ளம் விழுந்தால் அழுகல் தண்டுக்கும் ஏறிவிட்டது.

இன்னொன்று: அந்த ஆறும் எங்கே நிற்கின்றன? பள்ளத்திலோ, வெள்ளம் ஓடிய வழியிலோ வரிசையாக நின்றால் சந்தேகமே வேண்டாம். வேரை அழுக வைப்பவை பித்தியம், பைட்டொப்தோரா என்ற பூஞ்சை மாதிரியான கிருமிகள். இரண்டின் வித்திகளும் நீரில் நீந்திப் பரவுபவை. வலிகாமத்துச் செம்மண் தண்ணீரைச் சட்டென்று கீழே விட்டுவிடும். உங்கள் பக்கத்துப் பள்ளக் காணிகளில் அது தேங்கும். இரண்டு நாள் வெள்ளம் நின்றாலே பப்பாசி வேர் செத்துவிடும்.

தண்டு அழுகியதை வேரோடு கிண்டி எரியுங்கள், குப்பைக் கிடங்கில் போடாதீர்கள். அதே குழியில் திரும்பப் பப்பாசி வைக்கவும் வேண்டாம். தண்ணீர் வடிய இன்றைக்கே வாய்க்கால் வெட்டுங்கள். மருந்தைவிட மண்வெட்டிதான் முந்த வேண்டும். கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தந்தால் வாங்காதீர்கள், பித்தியம், பைட்டொப்தோரா இரண்டுக்கும் அது வேலை செய்யாது. மெற்றலக்சில் கலந்த மருந்தை, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அளவு கேட்டு, இன்னும் வாடாத பக்கத்துக் கன்றுகளின் அடியில் ஊற்றுங்கள்.