பேரனுக்கு ஒரு வடம்

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் என்ற துறைமுக ஊரில் இருக்கிறான். வருஷா வருஷம் டிசம்பர் நடுவில் வந்து பொங்கல் முடிந்ததும் கிளம்புவார்கள். பதினோரு வயதுப் பேரன் இந்த முறை வரமாட்டேன் என்கிறான். அங்கே அப்போதுதான் கோடை லீவாம். சிநேகிதப் பிள்ளைகள் எல்லாம் படகிலேயே கிடப்பார்களாம். “உங்க ஊர் ஆத்துல தண்ணியே இல்ல அப்பத்தா” என்கிறான். போன வருஷம் தெப்பக்குளத்தில் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போனேன். ஏறினதும் “இதுல பாயே இல்லையே” என்றான். உட்காரப் பாய் கேட்கிறான் என்று நினைத்து, “சீட்டு இருக்கேப்பா” என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். கட்டாயப்படுத்தி வரச் சொல்லலாமா, போகட்டும் என்று விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மதுரை வாசகி

பதில்: அம்மா, பாய் கேட்ட இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் பையனின் வருத்தம் உறைத்தது.

எதை விட்டுவிட்டு அவன் உங்கள் வீட்டுக்கு வருகிறான் என்று பாருங்கள். டிசம்பர் 26 அன்று சிட்னியிலிருந்து பாய்மரப் படகுகள் பந்தயம் கிளம்பும். 1945-லிருந்து நடக்கிறது. 628 கடல் மைல் தெற்கே ஓடிவந்து அது முடிகிற இடம் உங்கள் பேரனின் ஊர். முதல் படகு இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். சின்னப் படகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேரும். துறையில் ஊரே கூடி நின்று கை தட்டும். சாப்பாட்டுக் கடை, பாட்டு, புத்தாண்டு வாணவேடிக்கை எல்லாம் அந்த ஒரு வாரத்தில். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் பார்த்து மதுரைப் பிள்ளை ஒன்றை வெளியூருக்குக் கிளப்பிக்கொண்டு போனால் அது வாயைத் திறந்து பேசுமா? அவனை அடம்பிடிக்கிறான் என்று மகன் திட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கட்டாயமும் வேண்டாம்.

அதற்காக வராமலே விட்டுவிடவும் வேண்டாம். தேதியை மாற்றுங்கள். படகுகளைப் பார்த்துவிட்டு ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பினால் பொங்கலுக்கு இங்கே இருப்பான். கிறிஸ்துமஸ் நேரத்து விமான டிக்கெட் விலையை நினைத்தால் உங்கள் மருமகளும் இதற்குத் தலையாட்டுவார். அவர்கள் ஊரில் பள்ளி பிப்ரவரியில்தான் திறக்கிறது. அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, முடிந்தால் தைப்பூசம் கழித்துத் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

ஏன் தைப்பூசம் என்றால், தெப்பம். போன வருஷம் நீங்கள் செய்த தப்பு அவனைப் படகில் சும்மா உட்கார வைத்ததுதான். படகுத்துறையில் வளர்கிற பிள்ளை சும்மா உட்காராது. படகு துறையை நெருங்கும்போது கயிற்றை வீச ஒருவன், பிடித்துக் கட்டையில் சுற்றிக் கட்ட ஒருவன், பாயைச் சுருட்ட ஒருவன், கடைசியில் உப்புப் போகக் கழுவிவிட ஒருவன் என்று எல்லாருக்கும் வேலை இருக்கும். அப்படிப்பட்டவன் கையில் முறுக்கைக் கொடுத்து சோபாவில் உட்கார வைத்தால் சலிக்காமல் என்ன செய்யும்?

தெப்பத்தில் பாய் கிடையாது, துடுப்பு கிடையாது, மோட்டாரும் கிடையாது. மீனாட்சியும் சொக்கரும் ஏறி அமர்ந்ததும், வடத்தைப் பிடித்து ஆட்கள் இழுத்துத்தான் அது மைய மண்டபத்தைச் சுற்றி வரும். முதலில் அசையவே அசையாது. தண்ணீருக்குள் தொய்ந்து கிடந்த வடம் மேலே எழும்பி, விறைத்து, சொட்டச் சொட்ட நிற்கும். அப்புறம் ஒரு சாண் நகரும். படகு கட்டத் தெரிந்த பையனுக்கு அந்த ஒரு சாணின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். மூலையில் எப்படித் திருப்புகிறார்கள் என்று நிச்சயம் கேட்பான். நீங்கள் பதில் சொல்லாதீர்கள், வடம் பிடிக்கிற ஒருவரிடமே கேட்கவிடுங்கள். வடத்தில் கை வைக்க இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கூட்டம் நெரிக்கும், அதனால் அப்பா கூடவே நிற்கட்டும்.

1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்பார்கள். வைகையிலிருந்து தண்ணீர் வராமல் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்ததும், பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடியதும், தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாக நின்றதும் உங்களுக்குத் தெரியாததா? இதையும் பேரனிடம் சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை என்று அவன் சொன்னது பொய்யில்லையே.

ஒரு நாள் பாம்பனுக்குக் கூட்டிப்போங்கள். பாலத்துக்கு ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற ஆடியில் அப்படியே தலைகீழ். காற்றைப் பார்த்துப் பாய் விரிக்கிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று நேராக மேலே ஏறும். ஏறுகிற நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் கரையில் யாரோ கூப்பிட்டார் என்று லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் மட்டும் ஏறிவிடாதீர்கள். 2009-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். இந்த விஷயத்தில் பேரன் சொல்வதைக் கேளுங்கள், அவன் பழகிய பழக்கம்தான் சரி.

மகனுக்கு லீவு கிடைக்காமல் டிசம்பரிலேயே வரவேண்டியதாகிவிட்டால், பந்தயம் சிட்னியில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும்போது இங்கே காலை ஏழரை. காபியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் படகு ஜெயிக்கும் என்று ஆளுக்குப் பத்து ரூபாய் பந்தயம்கூட வைக்கலாம்.

இன்னொன்று. அடுத்த முறை போனில் “எப்பப்பா வர்றே” என்று ஆரம்பிக்காதீர்கள். படகு கட்டுகிற முடிச்சு எப்படிப் போடுவது என்று கேளுங்கள். வீடியோவில் காட்டுவான். நீங்களும் கூடவே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், மொட்டைமாடிக் கொடிக்கயிறு போதும்.