ஜாப் கார்டில் என்ன எழுதினார்கள்? கார் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடையது 1.5 லிட்டர் பெட்ரோல் செடான். 30,000 கி.மீ. சர்வீஸுக்கு ரூ.16,400 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். நகல் இணைத்துள்ளேன். இத்தனையும் தேவைதானா?
– திருச்சி வாசகர்

பதில்: காரோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். அதை எடுத்து எஸ்டிமேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெய்ன் போல்ட் வாஷர், ஏசி ஃபில்டர் நான்கும் நியாயம். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். மற்றபடி இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) க்ளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங் (மேலே அடிக்கும் பளபளப்பு), ஏசி கிருமிநீக்கம், அடிப்பக்கக் கோட்டிங் எல்லாம் சர்வீஸ் அட்வைசருக்கு மேலிடம் வைத்திருக்கும் மாத இலக்கின் வேலை. தொகையில் பாதியைத் தின்பவையும் இவைதான்.

த்ராட்டில் பாடி க்ளீனிங் முழு ஏமாற்று வேலை அல்ல. சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்கினால் அது தேவை. முடித்த பிறகு ஐடில் ரீலேர்னிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓட வேண்டிய வேகத்தை கார் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) செய்யாமல் காரைக் கொடுத்தால் பழைய தொல்லையே பெரிதாகத் திரும்பும். அப்படி அறிகுறி எதுவும் இல்லையென்றால் கை வைக்காமல் இருப்பதே மேல். அடிப்பக்கக் கோட்டிங் தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களுக்குப் பயன்படும். திருச்சிக்கு அவசியமில்லை. அவசரமாக அடித்தால் கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்து, உள்ளிருந்தே துரு பிடிக்க வைக்கும்.

"பிரேக் பேட் தேய்ந்துவிட்டது" என்றால் எத்தனை மி.மீ. மிச்சம் என்று கேளுங்கள். 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றலாம், 6 மி.மீ. இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை தாராளமாக ஓடும். ஆயில் அளவையும் கவனியுங்கள். பல 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்கள் ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டர் அளவில்தான் பிடிக்கும். உங்கள் காரின் சரியான அளவு கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பில்லில் முழுசாக நான்கு லிட்டர் இருந்தால் மீதி எங்கே என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைத்துத் தரச் சொல்லி, காரை விடும்போதே ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் உங்களிடம் கையெழுத்து வாங்கும் வேலைச் சீட்டு) எழுத வையுங்கள். எழுதாமல் கேட்டால் "ஸ்கிராப்புக்குப் போய்விட்டது சார்" என்பார்கள்.

கேள்வி: வாங்கி 14 மாதம் ஆன செடான் ஓடும்போதே அவ்வப்போது அணைந்துபோகிறது. மூன்று முறை ஷோரூமில் விட்டேன். மூன்று முறையும் "குறை எதுவும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாரன்டி முடிந்த பிறகு தலையில் கட்டிவிடுவார்களோ?
– ஈரோடு வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று ஜாப் கார்டுகளிலும் வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் "ஜெனரல் செக்கப்" என்றுதான் இருக்கிறது. வண்டி அணைந்தது என்ற வார்த்தையே இல்லை. நாளைக்கு வாரன்டிக்குள் புகார் சொன்னேன் என்று நிரூபிக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அடுத்த முறை அட்வைசர் சொந்த வார்த்தையில் சுருக்க விடாதீர்கள். இன்ஜின் சூடாக இருந்ததா, வேகம் எவ்வளவு, ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், திரும்ப ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிடம் என ஐந்து விவரங்களையும் எழுத வைத்த பிறகே கையெழுத்து.

இந்த விவரங்களுக்கு வேறு பயனும் உண்டு. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, வெயிலில் நீண்ட ஓட்டத்துக்குப் பின் அணைந்து, பத்து நிமிடம் ஆறியதும் கிளம்பினால் முதல் சந்தேகம் ஃப்யூல் பம்ப் மேல்தான். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல். டேங்க் எப்படி இருந்தாலும் சூட்டில் மட்டும் அணைந்து, ஆறியதும் உடனே கிளம்பினால் இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். குழியில் இறங்கும்போது அணைந்தால் வயரிங், எர்த் கனெக்‌ஷன், இக்னிஷன் சுவிட்ச்.

கார் கம்ப்யூட்டரில் பதிவாகி, ஸ்கேனரில் தெரியும் எரர் கோடுகளை அழிப்பதற்கு முன் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். குறை நடந்த கணத்தின் வேகம், ஆர்பிஎம், வெப்பநிலை எல்லாம் அதில் உறைந்து நிற்கும். பல ஒர்க்‌ஷாப்களில் முதல் வேலையாகவே அதை அழித்துவிட்டு, பிறகு "கோடு எதுவும் வரவில்லை" என்கிறார்கள். வீட்டருகே யாராவது பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இந்தப் பதிவு போய்விடக்கூடும்.

அதன் பிறகும் அசையவில்லை என்றால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஜாப் கார்டு நகல்களோடு மின்னஞ்சல், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். காருக்குக் கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் ரூ.400. வக்கீல் கட்டாயமில்லை. உற்பத்திக் குறை என்று சொன்னால் ஆணையம் நிபுணர் சோதனைக்கு அனுப்பக்கூடும். மூன்று "ஜெனரல் செக்கப்" கார்டுகளை வைத்துக்கொண்டு அங்கே போவது வீண்.

கேள்வி: ஒவ்வொரு கோடையிலும் ஏசி காஸ் நிரப்புகிறேன். இந்த வருடம் மூன்றாவது முறை. செடான்களில் இது சகஜமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: ஏசி காஸ் பெட்ரோல் போலச் செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. கசிவைத் தேடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் காஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் போய், கடைசியில் கம்ப்ரஸரே சிக்கிக்கொள்ளும்.

பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு எத்தனை கிராம் என்று இருக்கும். செடான்களில் இது பெரும்பாலும் 400 முதல் 500 கிராம். ரெகவரி மெஷின் உள்ளே மிச்சமிருந்த காஸை உறிஞ்சி எடை காட்டும். 450 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் பேச்சே இல்லை, கசிவுதான். மெஷின் இல்லாமல் கேஜைப் பார்த்து "பத்துது, பத்தல" என்று சொல்லும் கடையைத் தவிர்த்துவிடுங்கள்.

கசியும் இடங்கள் நான்கு: முன்னால் கல்லடி படும் கன்டென்சர், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கம்ப்ரஸர் சீல், டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில். முதல் மூன்றில் எண்ணெய்க் கறை வெளியே தெரியும். எங்கும் கறை இல்லாமல் காஸ் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் காயில். நைட்ரஜன் அடைத்து அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காயில் மாற்ற டேஷ்போர்டைக் கழற்றும் கார்கள் அதிகம். பாகத்தின் விலைக்கு நிகராகக் கூலி ஆகும். க்ளிப் உடைந்தால் பிறகு கீச்சு கீச்சென்று சத்தமும் இலவசம். அதனால் ஒரே வேலையாக எக்ஸ்பான்ஷன் வால்வையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி போனால் காஸ் குற்றவாளி அல்ல. கன்டென்சர் ஃபேனைப் பாருங்கள்.

கேள்வி: 68,000 கி.மீ. ஓடிய 2017 ஹோண்டா சிட்டி, சிவிடி (பெல்ட் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). வாங்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வாங்கலாம், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருந்தால். அந்த இன்ஜினில் டைமிங் செயின். டைமிங் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்ற ஆயில் மட்டுமே போட வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் நழுவத் தொடங்கும். 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது எங்கள் பரிந்துரை. 68,000 வரை ஒருமுறைகூட மாற்றாத வண்டி என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் போகலாம். டி-யிலிருந்து (முன்னோக்கி) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றும்போது தாமதமோ தட்டலோ இருக்கக் கூடாது. 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தும்போது வண்டி நடுங்கினால் வேண்டாம்.

முக்கியமான ஒன்று. 2024 அக்டோபரில் ஹோண்டா தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கார்களின் ஃப்யூல் பம்பை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் குறை, அதனால் இன்ஜின் அணையலாம் என்பது காரணம். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் இந்தக் கார் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்து, வேலை முடியாமல் இருந்தால் பெயர் மாற்றிய பிறகு நீங்களே ஷோரூமில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை.
– வேலூர் வாசகர்

பதில்: தீராது. முன்பக்க டிஸ்க்கின் கனம் சீராக இல்லை. சூடான டிஸ்க்கில் வாட்டர் வாஷ், காற்றுத் துப்பாக்கியால் ஆளுக்கொரு அழுத்தத்தில் முடுக்கிய வீல் நட் இரண்டும்தான் வழக்கமான காரணங்கள். டயல் கேஜ் வைத்து அளந்து, லேத்தில் சீவலாம். சீவிய பிறகும் டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். வீல் நட்டை டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்கச் சொல்லுங்கள். சிட்டி போன்ற கார்களுக்கு 108 நியூட்டன் மீட்டர்.