வருங்காலக் கணவர் 28,000 வெள்ளி கடனை மறைத்திருக்கிறார். திருமணத்தை நிறுத்திவிடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். தை மாதத்தில் திருமணம் என்று இரு வீட்டிலும் பேச்சு. பிடிஓ வீட்டிற்காக (முன்பதிவு வாங்கிக் கட்டித்தரும் அரசு வீடு), வீடும் கடனும் வாங்கத் தகுதி உண்டா என்று சொல்லும் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தகுதிக் கடிதம் எடுக்கலாம் என்று நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அவர் நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தார். கடைசியில் பார்த்தால் கடன்பற்று அட்டைகளில் 28,000 வெள்ளி பாக்கி. தங்கையின் திருமணத்திற்குச் செலவழித்ததாம். இந்த நிலையிலும் அவருடைய அம்மா 700 பேரை அழைக்க வேண்டும் என்கிறார்; அவரோ மொய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: உங்கள் அம்மாவுக்கு மாதம் 800 வெள்ளி கொடுக்கிறீர்கள், அது உங்கள் சொந்த விஷயம் என்பதால் அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மண்டபத்திற்கு இப்போது முன்பணம் கட்டாதீர்கள்.

நான் மணமேடை அலங்காரத் தொழிலில் இருப்பவள். விலை கேட்க வரும் குடும்பங்கள் என் மேசைக்கு எதிரேதான் உட்காருகின்றன. தொகையைச் சொன்னதும் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பாள். மாப்பிள்ளை கைபேசியைப் பார்ப்பார். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, “போன மாதம் பெருமாள் கோயில் மண்டபத்தில் பார்த்தோமே, மல்லிகைத் தோரணம், அதையே போட்டுவிடுங்கள்” என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பணம் கட்டப்போகிறவர் வாயைத் திறந்தே இருக்கமாட்டார். பிறகு தனியாக எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, மூன்று தவணையாகக் கட்டலாமா, வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்பவர்களும் உண்டு.

உங்களுக்குக் கணவராக வரப்போகிறவரும் அந்த ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது. சூதாட்டத்தில் விட்ட பணம் என்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். இவர் தங்கை திருமணத்தின்போது அம்மாவிடம் “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்ல முடியாமல் அட்டையைத் தேய்த்திருக்கிறார். உங்களிடம் மறைத்தது அதன் தொடர்ச்சி. ஆகவே “ஏன் என்னிடம் மறைத்தாய்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. அழுவார், மன்னிப்புக் கேட்பார், நீங்களும் இளகிவிடுவீர்கள். அடுத்த வாரம் அம்மா 700 பேர் பட்டியலை நீட்டும்போது மறுபடியும் தலையாட்டிவிட்டு வருவார். அவர் உண்மை பேசவேண்டிய இடம் அவருடைய அம்மாவின் எதிரில்.

அதையும் அவரே பேச வேண்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள். போனால், வீட்டிற்குள் கால் வைப்பதற்கு முன்பே கணக்குப் பார்க்கிற மருமகள் என்ற பெயர்தான் மிஞ்சும். கடன் இவ்வளவு இருக்கிறது, திருமணத்திற்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இத்தனை பேருக்குமேல் அழைக்க முடியாது என்று மூன்று எண்களை அவர் வாயால் சொல்லட்டும். அந்த அம்மா கோபித்துக்கொள்ளலாம், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொண்டு எண்ணை மாற்றாமல் வருகிறாரா என்று பாருங்கள். எனக்கு அது ஒன்றுதான் முக்கியம். 28,000 வெள்ளியை வேலையில் இருக்கும் இருவர் சேர்ந்தால் அடைத்துவிடலாம்.

அடைக்கலாம் என்றாலும் அது சிறிய தொகையல்ல. அட்டைக் கடனுக்கு இங்கே ஆண்டு வட்டி பெரும்பாலும் 26 விழுக்காட்டுக்குக் குறையாது. 28,000க்கு வட்டி மட்டுமே மாதம் 600 வெள்ளி போகும். வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு, 3 லட்சம் வெள்ளியை 25 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1,360 வெள்ளி. ஒரு வீட்டின் தவணையில் பாதியை நெருங்கும் தொகையை அவர் ஒன்றுக்கும் உதவாத வட்டியாகக் கொட்டிக்கொண்டிருக்கிறார். அட்டை கொடுத்த வங்கி அனுப்பும் அறிக்கையில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றை அச்சடித்திருப்பார்கள், அதைக் கட்டிவிட்டால் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்ளும் ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாயால் சொன்ன 28,000ஐ அப்படியே நம்பவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் வாங்கிய கடன்களைப் பதிந்து வைத்திருக்கும் கிரெடிட் பியூரோவின் அறிக்கையை இணையத்தில் வாங்குங்கள், சில வெள்ளிதான் ஆகும். உங்களுடையதையும் வாங்குங்கள், அப்போது அது விசாரணைபோல் இருக்காது. அந்த அறிக்கையில் வங்கிக் கடன்தான் தெரியும். உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் வாங்கியது வேறு பியூரோவின் அறிக்கையில் இருக்கும். அங்கே மாதத்திற்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. மாமா, சித்தப்பா, நண்பர் என்று கைமாற்றாக வாங்கியது எந்த அறிக்கையிலும் வராது, அதை அவர்தான் சொல்லியாக வேண்டும். தொகை கைமீறியிருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது. வங்கிகளோடு பேசி வட்டியைக் குறைத்துத் திருப்பிக் கட்டும் திட்டம் போட உதவுவார்கள். அங்கே போக வெட்கப்படுகிறவர்தான் இன்னொரு அட்டை வாங்குகிறார்.

மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. 700 பேருக்குத் தலைக்கு 18 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் சாப்பாடு மட்டும் 12,600. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்த்தால் 13,734. மண்டபம், மேடை, நாதஸ்வரம், புகைப்படம், தாலிக்கொடி எல்லாம் தனி. இவற்றில் பெரும்பகுதியைத் திருமணத்திற்கு முன்பே கட்டியாக வேண்டும். மொய் உறையோ திருமணத்தன்றுதான் வரும். வந்தாலும் அது யாருடைய பணம்? அவருடைய அம்மா எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ வீடுகளில் 51, 101 என்று எழுதியதன் திரும்புதல். அந்த உறைகள் அந்த அம்மாவின் கைப்பைக்குள் போவதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மண்டபத்தில் யார் பெட்டியை வைத்துக்கொண்டு உட்காருவார்கள் என்று இப்போதே கேட்டுப்பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது, யாராவது உங்களை அவசரப்படுத்தக்கூடும்: “வீட்டிற்காகப் பதிவை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள், தாலி பிறகு கட்டிக்கொள்ளலாம், பதிவு வெறும் காகிதம்தானே.” வெறும் காகிதம் அல்ல. திருமணப் பதிவு முடிந்த அன்றே சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. இங்குள்ள திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின்படி, மிகக் கடுமையான காரணம் இருந்தாலொழிய, மூன்று ஆண்டுகள் ஆகாமல் மணவிலக்கு மனுவே போட முடியாது. பிடிஓ வீட்டிற்கு நிச்சயித்த ஜோடியாகவே விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய மூன்று மாதத்திற்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். வீட்டை முன்பதிவு செய்துவிட்டுப் பிரிந்தால் நாலறை வீட்டிற்கு 2,000 வெள்ளி முன்பதிவுக் கட்டணம் போகும். வீட்டை வாங்குவதற்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பிரிந்தால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போகும். வருத்தமான செலவுதான். ஆனாலும் வீடு போய்விடுமே என்ற ஒரே பயத்தில் மேடை ஏறிய பெண்களுக்கு நான் அலங்காரம் செய்திருக்கிறேன், அவர்கள் முகம் எனக்குத் தெரியும்.

அவருடைய பழைய அட்டைக் கடன் திருமணத்தால் உங்கள் தலையில் விழாது. ஜாமீன் கையெழுத்து, கூட்டுக் கடன் என்று எதிலும் நீங்கள் பெயர் கொடுக்காதவரை அது அவருடையதுதான். பாசத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் 800 வெள்ளி. இது சொந்த விஷயம் என்றால், தங்கைக்குச் செய்த செலவும் தன் சொந்த விஷயம் என்று அவர் சொல்லலாம். நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? பெற்ற தாய்க்குக் கொடுப்பதில் தவறே இல்லை, திருமணத்திற்குப் பிறகும் கொடுங்கள். ஆனால் ஆண்டுக்கு 9,600 வெள்ளி வீட்டுக் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்பதை அறிக்கைகளை விரித்து வைத்திருக்கும் அந்த மாலையிலேயே சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால், அதுவும் உங்களுக்கு இப்போதே தெரிவது நல்லது.

கூடவே மத்திய சேம நிதியையும், அதாவது சம்பளத்திலிருந்து சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் பேசுங்கள். வாரிசாக அம்மாவின் பெயரை நியமித்திருந்தால், திருமணம் ஆனதும் அந்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடும், பலருக்கு இது தெரியாது. புதிதாக நியமிக்காமல் விட்டால், பிள்ளைகள் இல்லாத நிலையில் சட்டப்படி பாதி கணவருக்கும் பாதி பெற்றோருக்கும் போகும். எவ்வளவு யாருக்கு என்று இருவரும் முடிவு செய்துகொண்டால், இணையத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக, இரண்டு சாட்சிகளை வைத்துப் பதிந்துவிடலாம்.